துளை விழுந்த அட்டைகள்

பழைய ஹாலிவுட் லாபி கார்டுகளை விற்கும் ஏலப் பட்டியல்களில் ஒவ்வோர் அட்டைக்கும் கீழே அதன் குறைகளைப் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள்: நான்கு மூலைகளிலும் ஊசித் துளை, பின்புறம் தியேட்டர் முத்திரை, ஓரத்தில் பென்சில் கிறுக்கல், மேல் விளிம்பு கத்தரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு குறைக்கும் விலை ஒரு படி இறங்கும். எந்தத் தியேட்டரிலும் மாட்டப்படாமல் கிடங்கிலேயே கட்டுப் பிரிக்காமல் கிடந்த அட்டைக்குத்தான் உச்ச விலை. எந்த வேலைக்காக அச்சிட்டார்களோ அதை ஒரு நாள்கூடச் செய்யாத அட்டை உசத்தி, உழைத்து ஓய்ந்த அட்டை மட்டம் என்றாகிறது. வீட்டுச் சுவரில் மாட்ட வாங்குகிறவருக்கு இந்த அளவுகோல் சரியாக இருக்கலாம். ஆனால், படம் பேசத் தொடங்கிய 1927 முதல் ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ வெளிவந்த 1965 வரை அமெரிக்க இசைப்படங்கள் எப்படி விற்கப்பட்டன, யாரிடம் விற்கப்பட்டன, எந்த வாக்குறுதியைக் காட்டி விற்கப்பட்டன என்று அறிய விரும்புகிறவருக்கு இது தலைகீழான அளவுகோல். துளை, முத்திரை, தவறான வண்ணம், படத்தில் இல்லாத காட்சி, நட்சத்திரமே இல்லாத அட்டை என்று சந்தை எவற்றையெல்லாம் கழிக்கிறதோ அவற்றில்தான் செய்தி இருக்கிறது என்பது என் வாதம்.

லாபி கார்டு என்பது கெட்டி அட்டையில் அச்சிட்ட விளம்பரப் படம். தியேட்டரின் முன்கூடத்தில், டிக்கெட்டுக்கு நிற்பவர் கண்ணில் படும்படி மாட்டுவதற்காகச் செய்தது. நம் ஊர்த் தியேட்டர் வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் ‘ஸ்டில்’ பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1910களில் இந்த வழக்கம் வேரூன்றியது. 8க்கு 10 அங்குலமாக வந்துகொண்டிருந்தவை பிறகு 11க்கு 14 அங்குலம் என்ற அளவில் நிலைத்தன. பெரும்பாலும் ஒரு படத்துக்கு எட்டு அட்டைகள் ஒரு தொகுதி. அவற்றில் ஒன்று டைட்டில் கார்டு. படத்தின் பெயர், நடிகர்கள், இயக்குநர், இசைப்படமானால் பாட்டு எழுதியவர், மெட்டமைத்தவர் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கும். மற்ற ஏழும் காட்சி அட்டைகள். தெருவில் போகிறவரை நிறுத்துவது போஸ்டரின் வேலை. நின்றுவிட்டவரை உள்ளே அனுப்புவது லாபி கார்டின் வேலை. போஸ்டருக்கு ஒரு முகமும் ஒரு பெயரும் போதும். லாபி கார்டுகளோ கதையின் சாயல், ஆடையின் நேர்த்தி, செட்டின் பிரம்மாண்டம், ஜோடியின் நெருக்கம் என்று பல பக்கங்களிலிருந்து பேச வேண்டியிருந்தது. போஸ்டர் மெல்லிய தாளில் வரும், மடித்து அனுப்புவார்கள், ஒட்டிவிட்டால் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். லாபி கார்டை ஒரு தியேட்டரில் கழற்றி அடுத்த தியேட்டரில் மாட்டலாம். அட்டையின் இந்தக் கெட்டித்தன்மைதான் அதன் பிற்கால வரலாற்றையே தீர்மானித்தது.

அக்காலத்தில் ஒரு படம் முதலில் பெருநகரத்தின் நடுவே உள்ள மாளிகை போன்ற அரங்குகளில் ஓடும். இடைவெளி விட்டுப் பேட்டைத் தியேட்டர்களுக்கு வரும், அதற்கும் பிறகு சிற்றூர்களுக்குப் போகும். படச்சுருளுக்குப் பின்னாலேயே விளம்பரப் பொருள்களும் போயின. இவற்றைக் கொடுத்து வாங்க முக்கிய நகரங்களில் ‘எக்ஸ்சேஞ்ச்’ என்ற கிளைக் கிடங்குகள் இருந்தன. ஸ்டுடியோ அனுப்பும் விளம்பரக் கையேடான பிரஸ் புக்கைப் புரட்டிப் பார்த்து, எந்த அளவுப் போஸ்டர் எத்தனை, லாபி கார்டு எத்தனை தொகுதி என்று தியேட்டர்காரர் கேட்டு வாங்குவார். டிரெய்லர் தயாரிப்பில் தொடங்கிய நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம், 1940 வாக்கில் பாராமவுண்ட், ஆர்.கே.ஓ., எம்.ஜி.எம்மின் தாய் நிறுவனமான லோஸ் ஆகியவற்றின் விளம்பரப் பொருள்களைத் தயாரித்து விநியோகிக்கும் தனியுரிமையைப் பெற்றது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மற்ற பெரிய ஸ்டுடியோக்களும் அதன் கைக்கு வந்துவிட்டன. பிலடெல்பியாவில் போஸ்டர்களையும் அட்டைகளையும் தியேட்டர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்துவந்த சுயேச்சை வியாபாரிகள் இதை ஏகபோகம் என்று 1942இல் வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த ஆண்டு சமரசம் ஆயிற்று. 1949இல் மறுபடி வழக்கு. பழைய சமரசத்தைக் காட்டிப் புதிய வழக்கைத் தள்ளிவிட முடியாது என்று 1955இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது. லாலர் என்ற பெயரால் அறியப்படும் இந்த வழக்கைச் சட்டக் கல்லூரிகளில் வேறொரு காரணத்துக்காகப் படிக்கிறார்கள். லாபி கார்டு சேகரிக்கிறவர்கள் படிக்க வேண்டிய காரணம் தனி. சேகரிப்பவர் என்ற இனமே அரிதாக இருந்த காலத்தில், கைமாறிக் கைமாறிப் பயன்பட்ட அட்டைகளைச் சுற்றி ஒரு பிழைப்பு இருந்தது, அதற்காக நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம்வரை போகும் அளவுக்கு அதில் பணமும் இருந்தது என்பதற்கு அந்த வழக்கே சான்று. ஒரே மூலையில் நாலைந்து துளைகள் நெருக்கமாக விழுந்திருக்கும் அட்டையை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். அது ஒரு வாசலில் மட்டும் நின்ற அட்டை அன்று. நகரத்து அரங்கில் தொடங்கிக் கடைசிச் சுற்றுத் தியேட்டர்வரை போய் வந்தது என்று கருத இடமிருக்கிறது. பின்புற முத்திரையும் பென்சிலில் எழுதிய தேதியும் இருந்தால் ஊகம் உறுதியாகிறது. இந்தப் பயணத்தைச் சொல்லும் வேறு ஆவணம் பெரும்பாலான சிறு தியேட்டர்களுக்குக் கிடையாது. அவற்றின் கணக்குப் புத்தகங்கள் என்றோ போய்விட்டன.

நேஷனல் ஸ்கிரீன் வெளியிட்டவற்றின் அடி ஓரத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும். இது நிறுவனத்தின் சொத்து, இந்தப் படம் ஓடும்போது காட்சிக்கு வைக்க மட்டுமே அனுமதி, முடிந்தவுடன் திருப்பித் தர வேண்டும் என்பது அதன் சாரம். இன்று ஏலத்துக்கு வரும் துளை விழுந்த அட்டைகளில் கணிசமானவை அந்த வரியை யாரோ மதிக்காததால் பிழைத்தவை. ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கப்பட்டவை மறுபடி மறுபடி வாடகைக்குப் போய் நைந்து குப்பைக்குப் போயின. இரண்டாம் உலகப் போரின்போது பழைய தாள் திரட்டும் இயக்கத்தில் எவ்வளவோ கூழாகிவிட்டன. ஆபரேட்டர் வீட்டுக்கு எடுத்துப் போனது, மேனேஜர் மேல்மாடத்தில் போட்டு மறந்தது, கிடங்கை மூடும்போது யாரோ சொற்ப விலைக்கு வாரிக்கொண்டது என்று இப்படித்தான் மிச்சம் கிடைத்தது. பென்சில்வேனியாவின் பெர்விக் ஊரில், ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக் கெட்டியாகிப்போயிருந்த 1930களின் தொடக்கக் காலப் போஸ்டர்கள் ஒரு வீட்டு மேல்மாடத்தில் கிடைத்து, 2012இல் 5 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயின. ஸ்டுடியோக்காரர்கள் தங்கள் பொருளைத் தாங்களே பாதுகாத்திருக்கமாட்டார்களா என்று கேட்டால், எம்.ஜி.எம். என்ன செய்தது என்பதைப் பார்த்தால் போதும். இசைப்படம் என்றாலே நினைவுக்கு வரும் அந்த ஸ்டுடியோ, 1970 மே மாதம் தன் ஆடை அணிகலன்களையும் செட் சாமான்களையும் மொத்தமாக ஏலக்காரரிடம் தள்ளிவிட்டது. அந்த ஏலத்தில் ‘விஸார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தின் சிவப்புச் செருப்பு 15,000 டாலருக்குப் போனது. அதே படத்துக்காகச் செய்த இன்னொரு ஜோடி 2024 டிசம்பரில், கட்டணம் சேர்த்து 3 கோடி டாலருக்கு மேல் விலைபோயிற்று. செருப்பாவது விற்கப்பட்டது. வாத்தியக் குழுவுக்காக எழுதிய இசைக் குறிப்புகள் குப்பை மேட்டுக்கே போய்விட்டன. ஜான் வில்சன் என்ற ஆங்கிலேய நடத்துநர், படங்களின் ஒலித்தடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு அந்தக் குறிப்புகளைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. 2009இல் லண்டன் புரோம்ஸ் இசை விழாவில் அவற்றை வாசித்துக் காட்டினார்.

அப்படியானால் இந்தச் சேகரிப்பெல்லாம் திருட்டுச் சொத்தா என்பது நியாயமான கேள்வி. எச்சரிக்கை வரி அச்சில் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அதை எழுதியவர்கள் அதை எவ்வளவு மதித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வார்னர் நிறுவனம் எக்ஸ் ஒன் எக்ஸ் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், எட்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. வழக்கின் பொருள்: ‘விஸார்ட் ஆஃப் ஆஸ்’, ‘கான் வித் த விண்ட்’ ஆகிய படங்களின் லாபி கார்டுகளும் போஸ்டர்களும். அவற்றிலிருந்து படங்களை எடுத்துப் பனியன், பொம்மை, அலங்காரப் பொருள் செய்து விற்றவர்களைத் தடுக்க, உரிமையாளர் என்ற முறையில் வார்னர் முயன்றது. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக, ஒரு குறிப்பிட்ட வட்டத்துக்குள் மட்டும் கொடுத்தவை இவை, பொதுவெளியீடு ஆகாது என்பது அதன் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி இருக்க வேண்டிய பதிப்புரிமைக் குறிப்பு இல்லாமலே ஸ்டுடியோ இவற்றை ஊரெங்கும் பரப்பியது. ஆகவே இவை பொதுச்சொத்தாகிவிட்டன என்றது. ஆனால் படம் உருவாக்கிய கதாபாத்திரங்களின் உரிமை படத்துக்கே உரியது; அட்டையை அப்படியே நகலெடுக்கலாம், அதிலிருந்து பிய்த்து வேறொன்றோடு சேர்த்துப் புதுப் பொருள் செய்யக் கூடாது என்றும் கோடு போட்டது. இந்தத் தீர்ப்பு அட்டைத் தாளின் உடைமையைப் பற்றியது இல்லை, அதில் அச்சான படத்தின் உரிமையைப் பற்றியது என்பது உண்மைதான். என்றாலும் ஸ்டுடியோக்களின் மனப்போக்கை அது காட்டிவிடுகிறது. காலத்துக்கும் காக்க வேண்டிய பொருள் என்று அவை கருதியிருந்தால் ஒரு சிறு உரிமைக் குறிப்பை அச்சிட மறந்திருக்கமாட்டா. எறிய நினைத்ததை எடுத்து வைத்தவரைத் திருடர் என்பது எனக்கு உவப்பாக இல்லை.

இனி இசைப்படத்துக்கு வரலாம். எல்லா வகைப் படங்களிலும் இசைப்படத்தை விற்பதுதான் லாபி கார்டுக்குக் கடினம். பேய்ப் படத்துக்குப் பேயின் முகத்தைக் காட்டினால் வேலை முடிந்தது. பாட்டையும் ஆட்டத்தையும் அசையாத, ஓசையில்லாத அட்டையில் எப்படிக் காட்டுவது? 1927 அக்டோபரில் ‘ஜாஸ் சிங்கர்’ வந்தபோது புதுமையே விளம்பரமாக இருந்தது. 1929இல் எம்.ஜி.எம்மின் ‘பிராட்வே மெலடி’ முழுக்கப் பேச்சு, முழுக்கப் பாட்டு, முழுக்க ஆட்டம் என்று மார்தட்டி வந்தது, சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்ற முதல் பேசும்படமும் ஆயிற்று. உடனே எல்லோரும் அதே கடையைத் திறந்தார்கள். 1930இல் நூற்றுக்கும் மேற்பட்ட இசைப்படங்கள் வந்து குவிந்தன. அடுத்த ஆண்டு பதினைந்துகூட வரவில்லை. மக்கள் அவ்வளவு சலித்துப்போயிருந்தார்கள். பாட்டுக்காகவே எடுத்த படங்களிலிருந்து பாட்டை வெட்டி எறிந்தார்கள். கோல் போர்ட்டரின் மேடை இசைநாடகமான ‘ஃபிஃப்டி மில்லியன் ஃபிரெஞ்ச்மென்’ 1931இல் பாடல்கள் உருவப்பட்ட நகைச்சுவைப் படமாக வெளிவந்தது. ‘ரீச்சிங் ஃபார் த மூன்’ படத்துக்கு இர்விங் பெர்லின் எழுதிய பாடல்களில் பெரும்பாலானவை கத்தரிக்கு இரையாயின. இது இசைப்படம் இல்லை என்று பலகை எழுதி வைத்த தியேட்டர்களும் உண்டு. 1933 மார்ச்சில் வார்னரின் ‘ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்’ வந்ததும் நிலைமை புரண்டது. நாட்டின் வங்கிகள் எல்லாம் மூடிக் கிடந்த வாரத்தில் நியூயார்க்கில் அது திரைக்கு வந்தது. அதற்கு முன்பே நடிகர்களை ஏற்றிய ஒரு தனி ரயிலை வார்னர் நாடு முழுக்க ஓட்டி, ரூஸ்வெல்ட்டின் பதவியேற்பு நாளுக்கு வாஷிங்டன் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்திருந்தது. இந்த நான்கைந்து ஆண்டுகளின் ஏற்ற இறக்கத்தைப் படங்களைப் பார்த்து மட்டும் அறிய முடியாது. படம் என்ன செய்தது என்பது ஒன்று. வாசலில் எதைச் சொல்லி ஆளைக் கூப்பிட்டார்கள் என்பது இன்னொன்று. 1929, 1931, 1933 ஆண்டுகளின் டைட்டில் கார்டுகளை அடுத்தடுத்து வைத்து, பாட்டு என்ற செய்திக்கு எவ்வளவு இடம், இசையமைத்தவர் பெயர் எந்த அளவு எழுத்தில், ஆட்டக்காரிகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறவருக்குத்தான் ரசிகர் மனநிலையைப் பற்றி ஸ்டுடியோ போட்ட கணக்கு பிடிபடும்.

இங்கே வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. லாபி கார்டு பொய் சொல்லும்; அதை எப்படிச் சாட்சியாக ஏற்பது? ஆம், சொல்லும். முதல் பொய், அதிலுள்ள படம் திரைப்படத்திலிருந்து எடுத்ததில்லை. ஸ்டில் போட்டோகிராபர் தனியாகப் பெரிய கேமராவை வைத்து, நடிகர்களைத் தனியாக நிற்க வைத்து எடுத்த படம் அது. மேலே சொன்ன 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பே இதைக் குறிப்பிட்டு, இந்தப் படங்களைத் திரைப்படத்தின் பகுதியாகக் கருத மறுக்கிறது. ஃபிரெட் அஸ்டேர் தன் ஆட்டத்தைத் தலை முதல் கால்வரை, முடிந்தவரை வெட்டில்லாமல் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். அட்டைக்கோ அதே ஆட்டத்தின் ஒரு கணத்தை நின்று காட்ட வேண்டும். நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி உச்சியிலிருந்து எடுத்த பூக்கோலங்கள் கேமரா நகரும்போது விரிந்து சுருங்குபவை. அட்டையில் அவை உறைந்த வடிவமாகத்தான் நிற்கும், இல்லையென்றால் தரைமட்டத்தில் வரிசையாக நிற்கும் பெண்களாகச் சுருங்கும். இரண்டாவது பொய், வண்ணம். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கும் வண்ண அட்டைகள் அச்சிட்டார்கள். கறுப்பு வெள்ளை ஸ்டில்லை எடுத்து அச்சகத்தில் வண்ணம் ஏற்றினார்கள். ‘டாப் ஹாட்’ (1935) படத்தில் அஸ்டேரின் ஜோடியான ஜிஞ்சர் ராஜர்ஸ் அணிந்த இறகு ஆடை உண்மையில் நீலம். ஆடும்போது இறகு உதிர்ந்து அஸ்டேரைப் பாடாய்ப் படுத்திய ஆடை அது. படம் கறுப்பு வெள்ளை, பார்த்தவர் யாருக்கும் அந்த நீலம் தெரியாது. அட்டைக்கு வண்ணம் தீட்டியவர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. மூன்றாவது பொய், காட்சி. எடிட்டிங் முடியும் முன்பே ஸ்டில்களைத் தேர்ந்தெடுத்து அச்சுக்கு அனுப்பிவிடுவதால், இறுதிப் படத்தில் வெட்டப்பட்ட காட்சிகள் அட்டையில் தங்கிவிடுவதுண்டு.

ஆனால் எதற்குச் சாட்சி என்று கேட்டு ஏற்றால் இந்தப் பொய்கள் எவையும் சாட்சியத்தைக் கெடுப்பதில்லை. திரைப்படம் எப்படி இருந்தது என்பதற்கு லாபி கார்டு நம்பகமான சாட்சி இல்லை. பார்வையாளருக்கு என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி கிடையாது. வெட்டப்பட்ட காட்சி அட்டையில் இருந்தால், கடைசி நேரம்வரை ஸ்டுடியோ எதை விற்பனைக்குரியது என்று நம்பியது என்பது தெரிகிறது. இல்லாத வண்ணத்தை ஏற்றியிருந்தால், கறுப்பு வெள்ளையை வெறுமனே காட்டக் கூசினார்கள் என்பது தெரிகிறது. 1934 ஜூலைக்குப் பிறகு ஜோசப் பிரீனின் அலுவலகம் தணிக்கை விதிகளை இறுக்கியது. படங்களுக்கு மட்டுமில்லாமல் விளம்பரங்களுக்கும் தனி விதித்தொகுப்பு 1930 முதலே இருந்தது. அந்த 1934 கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள அட்டைகளில் ஆட்டக்காரிகளின் உடை எவ்வளவு நீண்டது என்பதை அளந்து பார்ப்பதற்கு, படத்தை ஓட்டிப் பார்ப்பதைவிட அட்டையை எடுத்துப் பார்ப்பது எளிது.

படமே இல்லாமல் போன இடங்களில் அட்டையின் பொறுப்பு கூடுகிறது. பேசாப் படங்கள் அழிந்தது பலருக்கும் தெரியும். அமெரிக்காவில் வெளியான முழுநீளப் பேசாப் படங்களில் அசல் வடிவில் எஞ்சியவை 14 சதவீதமே என்று 2013இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஆரம்பகால இசைப்படங்களும் இதற்குத் தப்பவில்லை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1929இல் வசூலைக் குவித்த ‘கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் பிராட்வே’ இருவண்ண டெக்னிகலரில் எடுத்த படம். இன்று கடைசிப் பகுதிச் சுருள்களும் சில துண்டுகளும்தான் இருக்கின்றன. அதன் ஒலி வைட்டஃபோன் இசைத்தட்டுகளில் தனியாகப் பதிவானதால் அது மட்டும் பிழைத்தது. லாரன்ஸ் டிபெட் பாடிய எம்.ஜி.எம்மின் ‘ரோக் சாங்’ (1930) கதையும் கிட்டத்தட்ட இதுவே, துணுக்குகள்தாம் மிச்சம். முழுக்கப் பேச்சும் முழுக்க வண்ணமுமாக வந்த முதல் நீளப்படமான ‘ஆன் வித் த ஷோ’ (1929), வண்ணம் போய்க் கறுப்பு வெள்ளையில்தான் முழுமையாகக் கிடைக்கிறது. இத்தகைய படங்களை மனத்தில் மீட்டெடுக்க விரும்புகிறவர் ஒலித்தட்டையும் ஸ்டில்களையும் லாபி கார்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். அதிலும் கவனம் தேவை. இருவண்ண டெக்னிகலர் சிவப்பையும் பச்சையையும் வைத்து ஓட்டிய முறை, அதில் சரியான நீலம் வராது. அந்தப் படங்களின் அட்டையில் பளிச்சென்று நீல வானம் தெரிந்தால் அது அச்சகத்து வானம், திரையில் தெரிந்த வானமில்லை.

சந்தையின் அளவுகோலில் எனக்கு மிகப் பெரிய குறையாகப் படுவது தொகுதியைப் பிரிப்பது. நட்சத்திரம் இல்லாத, துணைநடிகர்களோ கூட்டமோ மட்டும் தெரிகிற அட்டையைச் சேகரிப்பாளர்கள் ‘டெட் கார்டு’ என்பார்கள். செத்த அட்டை! டைட்டில் கார்டும் ‘விஸார்ட் ஆஃப் ஆஸ்’ நாயகி ஜூடி கார்லண்ட் முகம் தெரியும் அட்டையும் தனித்தனியே நல்ல விலைக்குப் போகும். செத்த அட்டைகள் எங்கோ மூலைக்குப் போகும். எட்டாக வந்தது எட்டு வீடுகளுக்குச் சிதறும். இசைப்படங்களில் இந்தச் சிதறலின் சேதம் அதிகம். ஏனென்றால் இசைப்படம் என்பதே கூட்டத்தின் கலை, பேர் தெரியாத நூறு பெண்கள் ஆடினால்தான் ஒரு நாயகி ஜொலிப்பாள். இன்னொன்றும் உண்டு. லீனா ஹார்ன் 1940களில் எம்.ஜி.எம். ஒப்பந்தத்தில் பாடியபோது, ‘தவுசண்ட்ஸ் சியர்’ போன்ற படங்களில் அவருடைய பாட்டுகளைக் கதையோடு ஒட்டாத தனிக் காட்சிகளாகவே வைத்தார்கள். கறுப்பினப் பாடகியைத் திரையில் சகிக்காத தென்மாநிலத் தியேட்டர்களில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட வசதியாக அப்படி. வெட்டத் தோதாகப் படமெடுத்த ஸ்டுடியோ, வாசலில் மாட்டும் எட்டு அட்டைகளில் அந்தப் பாடகிக்கு இடம் கொடுத்ததா, எத்தனையில், யார் பக்கத்தில்? எந்த ஊர் முத்திரை குத்திய தொகுதியில் எந்த அட்டை காணவில்லை? முழுத் தொகுதி கையில் இருந்தால்தான் இவற்றைக் கேட்கவே முடியும். ஓர் அட்டை மட்டும் கையில் இருந்தால் இருப்பது தெரியும், இல்லாதது தெரியாது. வரலாற்றில் பல சமயம் இல்லாததைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

சந்தை இல்லாவிட்டால் இதில் எதுவுமே மிஞ்சியிருக்காது என்று பதில் வரும். அதில் பாதிக்கு மேல் நான் ஒப்புக்கொள்கிறேன். நூலகங்கள் விழித்துக்கொள்வதற்கு வெகுமுன்பே, ஹாலிவுட்டின் லாரி எட்மண்ட்ஸ் புத்தகக் கடை போன்ற இடங்களில் காசு கொடுத்து வாங்கியவர்கள்தான் இவற்றைக் காத்தார்கள். 1990 டிசம்பரில் நியூயார்க் கிறிஸ்டீஸ் போஸ்டர்களுக்கென்றே ஏலம் நடத்தியபோது, அதுவரை பரணில் கிடந்தவை வெளியே வரத் தொடங்கின. ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் சேர்த்த தொகுப்பு 2014இல் ஏலத்துக்கு வந்தபோது அதில் கிட்டத்தட்ட 2 லட்சம் லாபி கார்டுகளும் போஸ்டர்களும் இருந்தன. எந்த அரசு நிறுவனமும் அந்த வெறியோடு அலைந்திருக்காது. ஆனால் காப்பாற்றியது சேகரிக்கும் ஆசை. விலைப் பட்டியல் அந்த ஆசையின் மேல் பிற்பாடு வந்து உட்கார்ந்தது. இரண்டும் ஒன்றென்று சொல்வது சரியில்லை. விலைக்குத் தன் போக்கு உண்டு. 1931ஆம் ஆண்டு ‘டிராகுலா’ போஸ்டர் ஒன்று 2017இல் 5,25,800 டாலருக்குப் போயிற்று. உச்சப் பணத்தில் பெரும்பகுதி யுனிவர்சலின் பேய்ப் படங்களைத்தான் சுற்றுகிறது. ‘விஸார்ட் ஆஃப் ஆஸ்’ தவிர்த்தால் இசைப்படங்கள் அந்த வரிசையில் பின்தங்கியே நிற்கின்றன. எனக்கு இதில் வருத்தமில்லை. விலை குறைவாக இருக்கும்வரை முழுத் தொகுதியாக வாங்கி வைக்க ஒரு சாதாரணச் சம்பளக்காரருக்கும் வாய்ப்பிருக்கிறது.

மறுவெளியீட்டு அட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேஷனல் ஸ்கிரீன் அட்டைகளில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், சாய்கோடு, வரிசை எண் என்று ஒரு குறியீடு இருக்கும். முன்னால் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் அது மறுவெளியீடு. சந்தையில் அந்த ஓர் எழுத்து விலையைக் குப்புறத் தள்ளிவிடும். ஆனால் ‘விஸார்ட் ஆஃப் ஆஸ்’ 1939இல் செலவழித்த பணத்துக்கு லாபம் காட்டவில்லை. 1949இல் மறுபடி வந்தபோதுதான் கணக்கு லாபத்துக்குத் திரும்பியது. 1955இல் இன்னொரு முறை தியேட்டருக்கு வந்தது, 1956இல் தொலைக்காட்சிக்குப் போனது. அந்தப் படம் எப்படி எல்லோர் வீட்டுப் படமாக மாறியது என்று எழுத வேண்டியவருக்கு 1939ஆம் ஆண்டு அட்டையைவிட 1949ஆம் ஆண்டு அட்டைதான் அதிகம் சொல்லும். பத்து ஆண்டுகளில் ஜூடி கார்லண்டின் பெயர் எழுத்து எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை ஒப்பிடவாவது இரண்டும் வேண்டும்.

1980களில் அமெரிக்கத் தியேட்டர்கள் லாபி கார்டை ஏறக்குறையக் கைவிட்டன, மல்டிபிளெக்ஸின் முன்கூடத்தில் அதற்கு இடமில்லை. இனிப் புதிதாக எதுவும் வரப்போவதில்லை, இருப்பதைச் சிதறாமல் வைத்துக்கொள்வதுதான் செய்யக்கூடியது. ஆகவே வைத்திருப்பவர்களிடம் கேட்பது இதுதான். துளையை அடைத்து, முத்திரையைச் சுரண்டி, விளிம்புக்குப் புதுத்தாள் ஒட்டி அட்டையைக் கன்னியாக்க வேண்டாம். செத்த அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். எட்டும் சேர்ந்து கையிலிருந்தால் பிரிக்காதீர்கள். பிரித்து விற்றே தீர வேண்டிய நிலை வந்தால், முதலில் எட்டையும் முன்புறம் பின்புறம் இரண்டும் ஸ்கேன் செய்து, எந்த அட்டை யாருக்குப் போனது என்ற குறிப்போடு ஒரு நூலகத்துக்குக் கொடுத்துவிட்டு விற்றுக்கொள்ளுங்கள்.